மயிலுக்கு எதற்குப் போர்வை?

மலையில் ஒரு ராத்திரி மரத்தடியில் தூங்க ஆசைப்படுகிறவனுக்கு இன்று முதலில் கிடைக்கும் அறிவுரை ‘வாங்கு’ என்பதுதான். ‘பட்ஜெட் கேம்பிங்’ என்று தலைப்பு வைத்து ஓடுகிற வீடியோக்களைப் பாருங்கள். பத்தாவது நிமிடத்தில் பட்ஜெட் காணாமல் போயிருக்கும். வாத்துத் தூவி அடைத்த ஸ்லீப்பிங் பேக், அதற்குள் ஒரு லைனர், அடியில் காற்றடித்த மெத்தை, தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே லிங்க் இருக்கும். கூட்டிப் பார்த்தால், வண்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு பையனின் மாசச் சம்பளத்தை அது தின்றுவிடும். இதையெல்லாம் வாங்க முடியலையா? அப்ப ரூம் போட்டுத் தூங்கு தம்பி. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் சேதி அதுதான்.

இந்தச் சேதி பொய். குளிரில் உடம்பைக் காப்பது தூவி இல்லை, நைலான் இல்லை, அதன்மேல் தைத்திருக்கும் கம்பெனி முத்திரையும் இல்லை. அசையாமல் நிற்கிற காற்று. இன்னும் விலை போடப்படாத சில பொருள்களில் ஒன்று அது. கம்பளி, ரஜாய், தூவி, ஃபோம் எல்லாமே காற்றை ஓட விடாமல் பிடித்து வைக்கும் கூண்டுகள். கூண்டுக்குக் காசு கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் கூண்டு விற்கிறவன் காற்றையும் தானே தயாரித்தது மாதிரிப் பேசுகிறான். அங்கேதான் சண்டை.

ஹாமக்கை வைத்துப் பேசுவோம். கையில் காசில்லாதவனுக்கு மிகவும் பொருந்துவதும் அதுதான், நடுராத்திரியில் அவனை அதிகம் அழவைப்பதும் அதுதான். பாராசூட் துணியில் தைத்த ஹாமக் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. சமதளம் தேட வேண்டாம், கல் பொறுக்க வேண்டாம், தரை ஈரமா இல்லையா என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு மரம், இரண்டு பட்டை. (பட்டை அகலமாக இருக்கட்டும். மெல்லிய கயிறு மரத்தின் தோலை அறுக்கும்.) காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் இரவு தங்குவது குற்றம். நான் பேசுவது பட்டா நிலத்தில், தோட்டத்து ஓரத்தில், உரிமையாளரிடம் கேட்டுவிட்டுக் கட்டுகிற ஹாமக்கைப் பற்றி. கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி குளிரும். மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம், அதாவது 13 டிகிரி வித்தியாசம். ஜனவரியில் மதுரையில் இரவு 20, 21 டிகிரி என்றால் மேலே எட்டு. மதுரைக்காரன் இந்தக் கணக்குப்படி ஒரு நல்ல போர்வை எடுத்துக்கொண்டு போவான். பத்து மணிக்குச் சொர்க்கமாக இருக்கும். பன்னிரண்டு மணிக்கு ஒரு விநோதம் நடக்கும். நெஞ்சு சூடாக இருக்கும், முதுகும் பின்புறமும் விறைத்துப் போயிருக்கும். இன்னொரு போர்வையை மேலே போடுவான். முதுகு இன்னும் விறைக்கும்.

காரணம் சின்னது. ஹாமக்குக்கு அடியில் தரை இல்லை, ஓடுகிற காற்றுதான் இருக்கிறது. ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்தாலும், உங்கள் எடை அடிப்பக்கத்துத் தூவியை அப்பளமாக நசுக்கிவிடுகிறது. நசுங்கிய தூவியில் காற்று இல்லை. காற்று இல்லாத தூவி வெறும் துணி. அந்தத் துணிக்குக் கீழே இரவெல்லாம் காற்று வருடிக்கொண்டே போகிறது. அதனால்தான் 20 டிகிரிக்குக் கீழே போனாலே, கொடைக்கானல் வேண்டாம், ஏற்காட்டிலேயே ஹாமக்கில் முதுகு குளிரும். மேலே எத்தனை அடுக்கினாலும் பிரச்சினை கீழே இருக்கிறது.

இதை ஏன் கடையில் சொல்வதில்லை? நண்பன் ஒருவன் தள்ளுபடியில் ‘மைனஸ் ஐந்து’ என்று எழுதியிருந்த பேக் வாங்கினான். மன்னவனூரில் பத்து டிகிரியில் ஹாமக்கில் படுத்து, விடிய விடிய உட்கார்ந்திருந்தான். கடையில் போய்க் கேட்டால், ‘அப்ப நீங்க மைனஸ் பத்து மாடல் எடுத்திருக்கணும் சார்’ என்றார்களாம். இதுதான் இந்த வியாபாரத்தின் உச்சம். தோல்வியடைந்த பொருளுக்கு மருந்து, அதே பொருளின் விலையுயர்ந்த அண்ணன்.

அந்த ‘மைனஸ் ஐந்து’ எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் கோபம் இன்னும் கூடும். ஸ்லீப்பிங் பேக்குகளின் வெப்ப அளவுக்கு ஒரு சர்வதேசத் தரம் உண்டு, ஐஎஸ்ஓ 23537. வெப்பமூட்டிய பொம்மை மனிதன் ஒருவனைப் பேக்குக்குள் வைத்து, குளிரறையில் படுக்கப்போட்டு அளக்கிறார்கள். அளந்தால் மூன்று முக்கியமான எண்கள் கிடைக்கும். நிம்மதியாகத் தூங்கக்கூடிய எண், சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய எண், உயிர் மட்டும் மிஞ்சக்கூடிய எண். மலிவான பேக்குகளின் உறையில் பல நேரம் பெரிய எழுத்தில் இருப்பது மூன்றாவது. சிலவற்றில் எந்தச் சோதனையும் நடந்திருக்காது. அதைவிட முக்கியம், அந்தப் பொம்மை மனிதன் படுத்திருப்பது மெத்தை மேல். அவனுக்கு அடியில் காற்று ஓடுவதில்லை. ஆக, ஹாமக்கில் தொங்குகிறவனுக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவன் தன் உடம்பைத்தான் சந்தேகப்படுவான். ‘எனக்குத்தான் குளிர் தாங்காது போல.’

நம்முடைய பேகன் கதை இங்கே சரியாக உதவுகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஆண்டது பொதினி, இன்றைய பழனி. அவன் மலையின் தொடர்ச்சியில்தான் கொடைக்கானலும் இருக்கிறது. மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையை அதற்குப் போர்த்தினான். தமிழ் மரபு அவனைப் புகழ்ந்தது, கூடவே அந்தச் செயலுக்குக் கொடைமடம் என்று பேரும் வைத்தது. எனக்கு அந்த மடம் என்ற சொல் ரொம்பப் பிடிக்கும். பறவை குளிரும்போது இறகைச் சிலிர்த்து உப்பிக்கொள்ளும், இடையில் காற்றை நிறுத்திக்கொள்ள. அதன்மேல் கனமான துணியைப் போட்டால் சிலிர்ப்பு அமுங்கும், காற்று வெளியேறும். மயிலின் பார்வையில் அந்த வள்ளல் அதன் வீட்டுக் கதவை உடைத்தவன். ஹாமக்கில் முதுகுக்கடியில் நாம் செய்வதும் அதேதான். எண்ணூறு ‘ஃபில் பவர்’ தூவியை வாங்கி அதன்மேல் அறுபது கிலோவை வைக்கிறோம்.

தூவி என்றதும் நெடுநல்வாடை ஞாபகம் வராமல் இருக்காது. வாடைக்காற்றில் நடுங்கும் பாட்டு அது. தொடக்கத்தில் மழையில் மேட்டுநிலத்துக்குப் போன கோவலர்கள் கொள்ளிக்கட்டையில் கை காய்ச்சிக்கொண்டு தாடை நடுங்க நிற்கிறார்கள். அரண்மனைக்குள் அரசியின் கட்டிலில் அன்னத்தின் தூவியால் ஆன அணை. ஒரே குளிர், இரண்டு வர்க்கம். பாட்டின் அழகு அரசிக்குத் தூவி அணையிலும் தூக்கம் வரவில்லை என்பதில் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். சரி. எனக்கு அந்தக் கோவலர்களுக்கு ராத்திரி என்ன ஆச்சு என்ற கேள்வி நிற்கிறது. பாட்டு அவர்களை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் போய்விடுகிறது. இன்றைய கேம்பிங் வீடியோவும் அப்படித்தான்.

ஏனென்றால் அந்தக் கோவலர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் மேலேதான் இருக்கிறார்கள். கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டவர்கள், காட்டுமாடும் பன்றியும் இறங்காமல் இருக்க ராத்திரி காவல் இருக்கிறார்கள். அப்படி ஒரு தோட்டத்து ஓரத்தில் ஹாமக் கட்டியிருந்தபோது, காவலுக்கு இருந்த அண்ணன் என் கட்டுமானத்தைச் சுற்றி வந்து பார்த்தார். அவர் படுக்கை: அடியில் வைக்கோல், அதன்மேல் இரண்டு சாக்கு, காற்று வரும் பக்கம் ஒரு கிழிந்த தார்ப்பாய், மேலே ஒரே ஒரு கம்பளி. ‘அடியில போடாம மேல எத்தனை போத்துனாலும் நிக்காது தம்பி’ என்றார். சர்வதேசத் தரத்தில் இல்லாத வாக்கியம் அது, ஒரு பைசா கேட்காமல் சொன்னது. அவர் முகத்தில் ஹெட்லைட் அடித்துவிட்டுப் போகிறார்கள் நம் ஆட்கள், அவரிடம் ஒன்றும் கேட்பதில்லை.

அமெரிக்க ஹாமக் ஆட்களும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள், ஆனால் அதைப் பொருளாக்கி விற்றார்கள். ஹாமக்குக்கு உள்ளே வைக்காதே, வெளியே, அடியில் தொங்கவிடு. எடை அதன்மேல் விழாது, தூவி நசுங்காது. பேர் அண்டர்கில்ட். விலை நூறிலிருந்து முந்நூறு டாலர், அதற்கு மேலும் உண்டு. யோசனை அற்புதமானது, மறுக்கவில்லை. ஆனால் அதன் உறுப்புகளைப் பாருங்கள். நீளவாக்கில் இரண்டு ஓரத்திலும் மடித்துத் தைத்த குழாய். குழாய்க்குள் ஓடும் சுருக்குக் கயிறு. இழுத்தால் சுருங்கும், விட்டால் விரியும். இதை நம் ஊரில் பாவாடை நாடா என்பார்கள்.

தொட்டில் கட்டத் தெரிந்த ஊர் இது. அம்மாவின் பழைய நூல்சேலையை இரண்டாக நாலாக மடித்துத் தூளி கட்டுவார்கள், ஈழத்தில் ஏணை. மார்கழியில் பிள்ளைக்கு மேலே கனமாகப் போர்த்த மாட்டார்கள், மூச்சு முட்டும். அடியில் இன்னொரு மடிப்பு வைப்பார்கள். ஹாமக் நம்முடையது என்று நான் சொல்ல வரவில்லை. அது கரீபியத் தீவுகளின் டைனோ மக்களுடையது, சொல்லும் அவர்களுடையதே; 1492இல் கொலம்பஸ் அங்கே இறங்கியபோது பார்த்தது. பின்னால் ஆங்கிலேயக் கடற்படை எடுத்துக்கொண்டபோதும் மாலுமிகள் அதை வெறுமனே தொங்கவிடவில்லை, உள்ளே மெல்லிய மெத்தை போட்டார்கள். அடியைக் கவனி என்பது தொங்கிப் படுத்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதை யாரோ போன வருஷம் கண்டுபிடித்த மாதிரி விற்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

சரி, என்ன செய்யலாம்? கையில் எதுவுமே இல்லையென்றால் ஃபோம். குளிர்சாதனப் பெட்டி, டிவி வாங்கினால் சுற்றி வருகிற வெள்ளை ஃபோம் ஷீட் இருக்கிறதே, அது மூடிய அறைகள் கொண்டது. ஒவ்வொரு குமிழிலும் காற்று அடைபட்டிருக்கும், எடை வைத்தாலும் முழுக்க நசுங்காது. வீட்டு உபயோகப் பொருள் கடைகளில் தூக்கிப்போடுகிறார்கள், கேட்டால் தருவார்கள். இரண்டு மூன்று மடிப்பாக ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வைத்து டேப் ஒட்டுங்கள். யோகா பாயும் வேலை செய்யும், கொஞ்சம் கனம். ஹாமக் உடம்பைச் சுற்றி வளைவதால் தோள் இரண்டும் ஃபோமுக்கு வெளியே போய்விடும். அதனால் தோள் பக்கம் குறுக்கே ஒரு துண்டு சேர்த்து, சிலுவை மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். ஃபோம் வியர்வையை உறிஞ்சாது, மேலே ஒரு பருத்தித் துண்டு விரிக்கணும். ராத்திரி நழுவும், எரிச்சலாக இருக்கும். ஆனால் முதுகு குளிராது.

நாடா வழிதான் எனக்குப் பிடித்தது. வீட்டில் கிடக்கும் பழைய கம்ஃபர்ட்டர், இல்லையென்றால் இரண்டு கம்பளி. கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை நீளம் போதும். பாதத்துக்குத் தனியாக ஃபோம் துண்டு ஒன்று. கம்பளிக்குள் காற்று புகுந்து வெளியேறும், அதனால் வெளிப்பக்கம் காற்று நுழையாத துணி ஒன்று சேர்த்துத் தைக்க வேண்டும். பழைய மழைக்கோட்டு, கிழிந்த குடைத்துணி, எது இருக்கிறதோ அது. நீள ஓரங்களில் எலாஸ்டிக் கயிறு போகிற அளவுக்கு மடித்துத் தையல், குறுக்கு ஓரங்களில் நாடா. தெருமுனைத் தையல்காரருக்கு அரை மணி நேர வேலை. ‘இது என்ன ஜன்னலுக்கு தம்பி?’ என்று கேட்பார், சொல்லுங்கள். எலாஸ்டிக்கின் இரண்டு முனைகளையும் ஹாமக் கட்டிய இடத்திலேயே மாட்டினால், மெத்தை அடியில் தொட்டில் மாதிரி தொங்கும். பதம் ஒன்றுதான்: ஹாமக்கைத் தொட்டும் தொடாமலும் இருக்கணும். இறுக்கினால் நசுங்கும், பழைய கதை. தளர விட்டால் இடைவெளிக்குள் காற்று ஓடும். படுத்துக்கொண்டு, ஒருவரை அடியில் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாடாவை இழுத்து இரண்டு முனையையும் மூடச் சொல்லுங்கள். பத்து நிமிஷத்தில் முதுகில் சூடு ஏறுவது தெரியும். அது உங்கள் சூடுதான், தப்பிப் போகாமல் நிற்கிறது.

இடம் தேர்வு செய்வதற்கும் காசு வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தில் தேங்கும். ஓடைக்கரையும் புல்வெளிக் குழியும் போட்டோவுக்கு அழகு, அங்கேதான் உறைபனி விழும். மலைமுகட்டில் காற்று பிய்க்கும். சரிவின் நடுப்பகுதியில், காற்றுக்கு முதுகு காட்டுகிற மரக்கூட்டத்தில் கட்டுங்கள், தார்ப்பாயை ஹாமக்குக்கு நெருக்கமாகத் தாழ்த்தி. ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் கொதித்து இறங்கிய வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வையுங்கள். 80 டிகிரியிலிருந்து 35க்கு இறங்குவதற்குள் அது ஏறக்குறைய 190 கிலோஜூல் கொடுக்கும். ஆறு மணி நேரத்துக்குப் பிரித்தால் ஒன்பது வாட். தூங்குகிற உடம்பு தானே எழுபது, எண்பது வாட் அடுப்பு. அதனால் பாட்டில் அற்புதம் செய்யாது, ஆனால் தூக்கம் பிடிக்கிற அந்த முதல் மணி நேரத்துக்குப் பெரிய உதவி.

எதிர்த்தரப்பில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களையும் விடக் கூடாது. பொருளே வேண்டாம், குளிரை அனுபவிக்கணும், அதுதான் மலை என்கிறவர்கள். இலக்கிய வாசகர்களிடம் இந்த நோய் கொஞ்சம் அதிகம். பெரும்பாலும் இவர்கள் அனுபவிக்கிற குளிருக்குப் பக்கத்தில் ஹீட்டர் போட்ட அறை ஒன்று இருக்கும். இந்தக் கூட்டத்தின் கைப்பொருள் இரண்டு: ஒரு கட்டிங், ஒரு கேம்ப் ஃபயர். சாராயம் தோலுக்கடியில் ரத்தக்குழாய்களை விரிக்கிறது. அதனால் சூடாக இருப்பது மாதிரித் தெரியும், உண்மையில் உள்ளே இருக்கிற சூடு வெளியே ஓடிக்கொண்டிருக்கும். தீயோ, ஹாமக்கில் படுத்தவனின் ஒரு பக்கத்தை மட்டும் வாட்டும், ஒரு பொறி விழுந்தால் நைலான் உருகி ஓட்டையாகும். அமேசானில் யானோமாமி மக்கள் ஹாமக்குக்குப் பக்கத்தில் தீ வளர்த்துத் தூங்குகிறார்கள், உண்மைதான். அது அவர்கள் வீட்டு அடுப்பு, காய்ந்த புல்மேடு இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போய் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தீயில் இறந்தார்கள். அந்தத் தீ எப்படிப் பிடித்தது என்பது வேறு விஷயம். புல்மேட்டில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்று அதற்குப் பிறகும் தெரியாதவன் மலைக்குப் போகவே வேண்டாம். கரியடுப்பைக் கூடாரத்துக்குள் வைக்கிற ஆள் விடியலைப் பார்ப்பான் என்று உறுதி இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

‘அப்ப வீட்டுப் போர்வையை நம்பிப் போய் யாராவது செத்தா நீ பொறுப்பா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குளிர் கொல்லும். உறைநிலை தேவையில்லை, எட்டு டிகிரியில் ஈரத்துணியும் காற்றும் சேர்ந்தால் போதும். அதனால் தூங்குவதற்கென்று ஒரு செட் உலர்ந்த உடுப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, அதை வேறு எதற்கும் தொடாதீர்கள். முதல் இரண்டு மூன்று இரவுகள், கூப்பிட்டால் கதவு திறக்கிற வீட்டுக்குப் பக்கத்திலேயே கட்டுங்கள். கூட இருப்பவனுக்கு நடுக்கம் திடீரென்று நின்று பேச்சு குழறினால் எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஆனால் விலையுயர்ந்த பேக் இந்த அறிவைத் தருமா? என் நண்பனுக்குத் தரவில்லை.

எம்மா கேட்வுட் என்று ஒரு பாட்டி. 1955இல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்த முதல் பெண். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். தானே தைத்த துணிப்பை ஒன்று, கால்களுக்குக் கேன்வாஸ் ஷூ, ஒரு போர்வை, மழைக்குக் குளியலறைத் திரை பிளாஸ்டிக். கூடாரமோ ஸ்லீப்பிங் பேக்கோ கிடையாது. பதினொரு பிள்ளை பெற்றவர். அந்தம்மாவைக் குளிர் சும்மா விட்டிருக்காது. நான் சொல்வது அவரை மாதிரிக் கஷ்டப்படுங்கள் என்று இல்லை. அன்று ஒரு கடைக்காரர் அவரிடம், ‘இதெல்லாம் வாங்க முடியலைன்னா வீட்டிலேயே இருங்கம்மா’ என்று சொல்லியிருந்தால், யாருக்கு நஷ்டம் என்று யோசிக்கச் சொல்கிறேன்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு. காலையில் எழுந்ததும் சுருட்டிப் பைக்குள் திணிக்காதீர்கள். ராத்திரி முழுக்க உடம்பு விட்ட ஈரம் கம்பளிக்குள்தான் இருக்கும், பனியும் சேர்ந்திருக்கும். எட்டரை மணி வெயிலில் தோட்டத்து வேலிமேல் விரித்துப் போடுங்கள். காவல் முடித்து அந்த அண்ணனும் தன் சாக்கை அங்கேதான் காயப்போட வருவார்.